பூஞ்சிட்டு வாங்குறியா, பெரிய மாடு வாங்குறியா?

வா மாப்ளே. அந்தக் கயித்துக் கட்டில்ல உக்காரு. ஒரு காலு ஆடும், பயப்படாதே, நடுவுல உக்காந்தா ஆடாது. பதனி எறக்குறவன் இன்னும் வரல. அவன் வர்ற வரைக்கும் உன் பஞ்சாயத்தைக் கேப்போம்.

உங்க ஆத்தா நேத்தே போன் போட்டுருச்சு. "அண்ணே, உம்ம மருமகன் ராத்திரியெல்லாம் தூங்காம போனையே பாத்துக்கிட்டு இருக்கான், என்னன்னு கேளுங்க"ன்னுச்சு. நான் கூட சந்தோசப்பட்டேன். சரி, பயலுக்குப் பொண்ணு போட்டோ வந்துருச்சு போல, இந்த வருசம் பந்தல் போட்டுறலாம்னு நெனச்சேன். இங்க வந்து போனை நீட்டுறே, பாத்தா அம்புட்டும் காரு. ஒவ்வொண்ணுக்கும் கட்டம் போட்டு எழுதி வச்சுருக்கே: பொறந்த வருசம், எடை, எத்தனை குதிரை, நூறைத் தொட எத்தனை வினாடி. எங்க காலத்துல பொண்ணுக்குக்கூட இம்புட்டு வெவரமா ஜாதகம் பாக்கல. பாத்துருந்தா உங்க அத்தையை நான் கட்டியிருப்பனா? மெதுவாச் சொல்லு, அடுப்படியில இருக்கா.

எனக்கு என்னத்தைத் தெரியும் காரைப் பத்தி? மாட்டு வாலைப் பிடிச்சு வளந்தவன். ஆனாலும் கேக்குறே, மாமன் மருவாதைக்குச் சொல்றேன்.

அதென்ன, ஹாட் ஹேட்ச்பேக்கா? சுடச்சுட எறக்குறாங்களோ? சரி சரி, மொறைக்காதே. பின்னாடி டிக்கி தனியா நீட்டாம, முதுகுலயே ஒரு கதவு வச்ச குடும்பக் காரு இருக்குல்ல, அதுக்கு வயித்துல பந்தய எஞ்சினை வச்சுட்டா அந்தப் பேரு. நான் ஒண்ணும் படிக்கல, பேத்தி போன்ல வாசிச்சுக் காட்டுனா, காதுல விழுந்துச்சு. ஜெர்மனியில வோக்ஸ்வாகன் கம்பெனியில அஞ்சாறு எஞ்சினியருங்க மேலதிகாரிக்குத் தெரியாம, சோலி முடிஞ்ச பொறவு, ஒளிஞ்சு ஒளிஞ்சு செஞ்ச வண்டியாம் அது. 1976-ல வெளிய விட்டாங்க. கோல்ஃப் ஜிடிஐ. அஞ்சாயிரம் வித்தாப் போதும்னு கணக்குப் போட்டாங்களாம். நாலரை லட்சத்துக்கு மேல போச்சு. கியர் குமிழுக்குக் கோல்ஃப் பந்து, சீட்டுக்குக் கட்டம் போட்ட துணி. நான் கட்டியிருக்கேன் பாரு இந்தக் கைலி, கிட்டத்தட்ட இந்தக் கட்டம்தான். அதைத் தேர்ந்தெடுத்தது அந்தக் கம்பெனியில இருந்த ஒரு பொம்பளை. ஆம்பளைங்ககிட்ட விட்டுருந்தா கருப்பு ரெக்சினைப் போட்டுருப்பானுக.

அதுக்கும் முன்னாடி மினி கூப்பர்னு ஒண்ணு, தீப்பெட்டி கணக்கா. 1964, 65, 67-ன்னு மூணு தடவை மாண்டி கார்லோ ராலியில பெரிய பெரிய வண்டியையெல்லாம் பின்னுக்குத் தள்ளுச்சு. அப்ப பாரு, சின்ன வண்டி பெரிய வண்டியை ஜெயிக்கிறதுல இருக்கிற ருசிதான் இந்த வம்சத்துக்கே வித்து. அதை மறந்துட்டு நீ போன்ல ஆகப்பெரிய எண்ணாத் தேடிக்கிட்டு இருக்கே.

சாயல்குடி, கடலாடி, கமுதிப் பக்கம் மாட்டு வண்டிப் பந்தயம் எப்படி விடுவாங்க, மறந்துட்டியா? எல்லா மாட்டையும் ஒரே கோட்டுல நிறுத்துவாங்களா? பெரிய மாடு தனி, நடுமாடு தனி, கரிச்சான் தனி, பூஞ்சிட்டு தனி. பெரிய மாட்டுக்குப் போய்வர எட்டு மைலுன்னா சின்னதுக்கு ஆறு மைலு. பூஞ்சிட்டுல முதலாவது வந்தவன், பெரிய மாட்டுல நாலாவது வந்தவனைப் பாத்து ஏங்க மாட்டான். மீசையை முறுக்கிக்கிட்டுத்தான் போவான். நீ எழுதி வச்ச கட்டத்துல அந்த நாலு சாதியையும் ஒண்ணாக் கட்டிப் போட்டுருக்கே. அதான் உனக்குத் தூக்கம் வரல.

பிரிச்சுப் பாப்போம். உன் கடைசி வரியில இருக்கே, மெர்சிடிஸ் ஏஎம்ஜி ஏ45 எஸ். 421 குதிரை. நூறைத் தொட 3.9 வினாடி. 2021-ல இங்க வர்றப்பவே 79 லட்சத்து 50 ஆயிரம். அது பெரிய மாடு. அதைப் பத்தி நாம பேச வேணாம், கோயில் மாடு மாதிரி தூர நின்னு கும்புட்டுக்குவோம். உனக்கும் அது தெரியும். சும்மா ஒரு பேச்சுக்கு எழுதி வச்சுருக்கே. கல்யாணப் பத்திரிக்கையில மந்திரி பேரைப் போடுவாங்கல்ல, வர மாட்டாருன்னு தெரிஞ்சே, அந்த மாதிரி.

நடுமாடுதான் உன் நெஞ்சுல நிக்கிறது. அதே கோல்ஃப் ஜிடிஐ, 2025 மே மாசம் இங்க வந்துச்சு, அப்ப 53 லட்சம். 265 குதிரை, 370 நியூட்டன் மீட்டர், 5.9 வினாடி. இந்தா, இந்த வெத்தலையை மடிச்சு வாயில போட்டுச் சுண்ணாம்பு டப்பியை மூடுறதுக்குள்ள நூறு. முழுசாக் கப்பல்ல வந்து எறங்குன வண்டி. அதுக்கு முன்னாடி 2016-ல அவனே போலோ ஜிடிஐன்னு ஒண்ணு கொண்டாந்தான், 192 குதிரை, 25 லட்சத்து 65 ஆயிரம், மொத்தமே 99 வண்டி, அதுலயும் பக்கத்துக்கு ஒரே கதவு. பின்சீட்டுக்குப் போகணும்னா முன்சீட்டை மடக்கி, குனிஞ்சு, காலைத் தூக்கி உள்ள விடணும். உங்க அத்தை ராமேஸ்வரத்துல இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிட்டு, ஈரப் புடவையோட அதுல ஏறி உக்காரணும். நான் கரையில நின்னு பாக்கணும். அந்த ஒரு காட்சிக்காகவே பழைய போலோ எங்கயாவது கெடைச்சா வாங்கு மாப்ளே, பணம் நான் தர்றேன்.

கரிச்சான்ல அபார்த் புன்டோ. 2015-ல ஃபியட்காரன் விட்டது, 145 குதிரை, பத்து லட்சத்துக்குக் கொஞ்சம் கம்மி. நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். தேளை முத்திரையாக் குத்தியிருப்பான். நல்ல மாடு, சந்தேகமே இல்ல. இப்பவும் அதை வச்சுருக்கிறவன் யாருக்கும் விக்க மாட்டேங்குறான். ஆனா 2019-லயே ஃபியட் இங்க கடையைக் கட்டிட்டுப் போயிட்டான். தாய் செத்த கன்னு. ஒரு ரப்பர் புஷ் தேஞ்சா வாட்ஸப் குழுவுல போய் பிச்சை எடுக்கணும். தேள் கொட்டுனா மருந்து இருக்கு. தேளுக்கே கொட்டுச்சுன்னா?

அப்புறம் பூஞ்சிட்டு. டாடா அல்ட்ரோஸ் ரேசர், 2024-ல வந்தது, 120 குதிரை, ஆறு கியரு, கையாலயே போடணும், வந்தப்ப ஒன்பதரை லட்சத்துல ஆரம்பம். ஹூண்டாய் ஐ20 என் லைன், அதுவும் 120 குதிரை, புகைக்குழல் சத்தத்தைக் கொஞ்சம் கனமாக்கி, ஸ்பிரிங்கை இறுக்கி விட்டுருக்கான். இதுக்கெல்லாம் மூத்தது டியாகோ ஜேடிபி, 2018-ல டாடாவும் கோயம்புத்தூர் ஜேயம்காரங்களும் சேந்து செஞ்சது, 114 குதிரை, ஆறரை லட்சத்துக்குள்ள. நம்ம தமிழ்நாட்டு ஆளுங்க கை பட்ட வண்டி. ரெண்டு வருசத்துல நிறுத்திட்டாங்க. வாங்க ஆள் இல்ல. எல்லாரும் உன்னை மாதிரி கோல்ஃப் படத்தைப் பாத்துக்கிட்டே படுத்துருந்தா எவன் வாங்குவான்?

இப்ப ஒரு கணக்குச் சொல்றேன், கேட்டுக்க. அந்த 1976 கோல்ஃப் இருக்கே, உலகமே மூக்கு மேல வெரல வச்ச வண்டி, அதுக்கு எத்தனை குதிரை தெரியுமா? 110. நீ "இதெல்லாம் ஒரு வண்டியா மாமா"ன்னு ஒதுக்குன டியாகோவுக்கு அதை விட நாலு ஜாஸ்தி. ஆனா ஒண்ணு, அந்தப் பழைய கோல்ஃப் 800 கிலோ சொச்சம்தான் எடை. இப்ப அதே பேருல வர்றது ஒண்ணரை டன்னுக்குப் பக்கம். பேரனுக்குத் தாத்தா பேரு வச்சா ஆச்சா? தின்னு தின்னு பெருத்துட்டான். அதைத் தூக்கிட்டு ஓட 265 குதிரை கேக்குது.

சரி, நீ கேட்டது இது இல்ல. "மாமா, தெனமும் ஆபீசுக்கும் போகணும், மாசத்துக்கு ஒருநாள் டிராக்குலயும் விடணும், ரெண்டுக்கும் ஒரே வண்டி எது?" அதுதானே? இதுக்கு நான் பதில் சொல்லணும்னா செவலையையும் மயிலையையும் பத்திச் சொல்லணும். உங்க ஆத்தாவுக்குத் தெரியும், நீ அப்ப பொறக்கல.

பந்தய மாடு வளக்குறவன் அதை ஏர்ல பூட்ட மாட்டான். பருத்திக்கொட்டை, உளுந்து, பேரீச்சம்பழம், முட்டை. கண்மாயில நீச்சல். காலையில நடை, சாயந்தரம் நடை. வீட்டுல புள்ளைக்கு முட்டை இருக்கோ இல்லையோ, மாட்டுக்கு இருக்கும். எனக்கு அதுக்கு வசதி இல்ல. இருந்தது ஒரு சோடி. செவலை ஒண்ணு, மயிலை ஒண்ணு. ஆறு நாள் உழவு, கரிமூட்டத்துக்கு வெறகு இழுப்பு. ஏழாம் நாள் நுகத்தடியை மாத்திப் பூட்டிப் பந்தயத்துக்குப் போயிருவேன். மூணு வருசம் விட்டேன். ரெண்டு தடவை மூணாவது. ஒரே ஒரு தடவை முதல்ல வந்தேன். அதுவும் எப்படி? முன்னால போன ரெண்டு வண்டியும் எல்லையில திரும்புறப்ப ஒண்ணை ஒண்ணு இடிச்சுக்கிட்டு ரோட்டை விட்டு எறங்கிருச்சு, நான் பாட்டுக்கு வந்துட்டேன். அதுக்குக் குடுத்த அண்டாதான் வாசல்ல தண்ணி ரொப்பி வச்சுருக்கு. போய்ப் பாரு, அடியில பேரு வெட்டியிருக்கும்.

அந்த சோடிதான் ஹாட் ஹேட்ச். அப்ப எனக்கு இந்தப் பேரு தெரியாது. திங்கக்கெழமை காலையில அதே மாடு ஏர்ல நிக்கணும், அதுதான் சூத்திரம். ஞாயித்துக்கெழமை கால் பிசகுனா திங்கக்கெழமை உழவு இல்ல, அடுப்பு இல்ல. அதனால நான் எல்லையில திரும்புறப்ப எப்பவும் ஒரு பிடி கம்மியாத்தான் விடுவேன். பந்தயத்துக்குன்னே மாடு வச்சுருந்தவன் அந்தப் பிடியையும் விடுவான். அவன் முதல்ல வந்தான், நான் மூணாவது வந்தேன். அவன் மாட்டைப் பத்தி நான் பொறாமைப்படல. கொஞ்சம்தான் பட்டேன்.

பந்தயம் ஜெயிக்கிறதும் தோக்குறதும் நேர் ரோட்டுல இல்ல மாப்ளே, அந்தத் திருப்பத்துலதான். திரும்புறப்ப உள்மாடு நின்ன இடத்துல மிதிக்கணும், வெளிமாடு சுத்தி ஓடணும். ரெண்டும் ஒரே ஓட்டம் ஓடுனா வண்டி திரும்பாது, நேரா வேலிக்கருவைக்குள்ள போயிரும். கார்ல இந்தச் சோலியைத்தான் டிஃபரன்ஷியல் பாக்குது. ஆனா அதுல ஒரு கோளாறு. நீ திருப்பத்துல வேகமாப் போனா பாரம் வெளிப்பக்கம் சாயும், உள்சக்கரம் லேசாத் தூக்கிக்கும். சாதா டிஃபரன்ஷியல் என்ன பண்ணும்? எந்தச் சக்கரம் சும்மா சுத்துதோ அதுக்கே பலத்தைத் தூக்கிக் குடுக்கும். நம்ம ஊரு பஞ்சாயத்து மாதிரி. சோம்பேறிக்குச் சாப்பாடு, உழைக்கிறவனுக்குப் பட்டினி. உள்சக்கரம் பொகையக் கிளப்பும், வண்டி மூக்கு வெளியவே போகும். அதுக்குத்தான் நல்ல ஹாட் ஹேட்சுல லிமிடெட் ஸ்லிப்னு ஒண்ணைப் போட்டு, வெளிச்சக்கரத்துக்கும் பங்கு போற மாதிரி பண்ணுறான். முன்சக்கரமே இழுக்கணும், முன்சக்கரமே திருப்பணும்னு இருக்கிற வண்டியில குதிரையைக் கூட்டிக்கிட்டே போனா இந்த ரோதனை கூடிக்கிட்டே போகும். ஏ45-ல நாலு சக்கரமும் இழுக்குதே ஏன்னு நெனச்சே? அதுக்குத்தான். நீ போன்ல குதிரையை எண்ணுனியே, இதைப் பாத்தியா? பாக்கல. எனக்கா தெரியும், மாட்டுக்காரன்.

பிரேக்குக்கு வா. ஆபீசுக்குப் போறப்ப நீ மிதிக்கிற மிதிக்கும் டிராக்குல மிதிக்கிற மிதிக்கும் மலைக்கும் மடுவுக்கும் தூரம். சென்னைக்குப் பக்கத்துல இருங்காட்டுக்கோட்டை டிராக்குல ஒரு சுத்து 3.7 கிலோமீட்டர். சுத்துக்குச் சுத்து, திருப்பத்துக்குத் திருப்பம் முழு மிதி. பிரேக்குக் குழாய்ல ஓடுற எண்ணெய் கொதிச்சுரும். டாட் 4-ங்குற எண்ணெய் புதுசா இருந்தா 230 டிகிரி வரைக்கும் தாங்கும். ஆனா அது காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிக்கிற சாதி. குடிச்சுக் குடிச்சு 155 டிகிரிக்கு எறங்கிரும். நம்ம கடக்கரைக் காத்துல ஈரத்துக்கா பஞ்சம்? ரெண்டு வருசம் மாத்தாத எண்ணெயோட டிராக்குல போய் இறங்குனேன்னு வையி, அஞ்சாவது சுத்துல காலு பஞ்சு மெத்தையில மிதிச்ச மாதிரி உள்ள போகும். அப்ப 265 குதிரையும் சேந்து உன்னை எங்க கொண்டுபோகுதுன்னு பாத்துக்க. 500 ரூவா எண்ணெய் சமாச்சாரம். அதை மாத்துறவன் டிராக்குக்காரன். புகைக்குழலை மாத்துறவன் உன் சேக்காளி.

இன்சூரன்ஸ் காகிதத்தையும் ஒருதரம் விரிச்சுப் படி. பந்தயம், வேகச் சோதனைக்கெல்லாம் இந்த பாலிசி செல்லாதுன்னு பொடி எழுத்துல போட்டுருப்பான். சுவத்துல மோதுனா சொந்தக் காசு. 53 லட்ச ரூவா வண்டியில மோதுறதுக்கும் பத்து லட்ச ரூவா வண்டியில மோதுறதுக்கும் சத்தம் ஒண்ணுதான். வீட்டுக்கு வந்து சொல்றப்பதான் வித்தியாசம் தெரியும்.

இந்தப் பக்கத்து ரோட்டையும் மறந்துறாதே. பொங்கலுக்கும் கொடைக்கும் இங்கதானே வரணும். மதுரையிலேர்ந்து பரமக்குடி வரைக்கும் நாலு வழி, சரி, அங்க நூறு வரைக்கும் போகலாம்னு 2018-லயே அறிவிப்பு விட்டான். பரமக்குடிக்கு அங்கிட்டு எழுவதுதான். எழுவதைத் தொட 265 குதிரை எதுக்கு? கிழக்குக் கடக்கரைச் சாலையில ஊருக்கு ஊரு வேகத்தடை இருக்கும், சுண்ணாம்பு அடிக்காம, ராத்திரியில கண்ணுக்கே தெரியாம. அவனவன் வீட்டு முன்னாடி அவனவன் போட்டுக்கிட்டது. ஆடு குறுக்க வரும், அதுவாவது பரவாயில்ல, பின்னாடியே ஆட்டுக்காரன் வருவான். உன் கோல்ஃபுக்கு டயரு 225/40, 18 இஞ்சு ரிம்மு. ரப்பர் பூரிக் கட்டை மொத்தம்கூட இல்ல. ஒரு குழியில எறங்குனா வெட்டுப்படும். அந்த அளவு டயரை சாயல்குடி பஞ்சர் கடையில போய்க் கேளு. கடைக்காரன் உனக்கு டீ வாங்கிக் குடுத்து உக்கார வச்சுருவான், பாவம்னு.

வண்டி வாங்குறதுக்கு முன்னாடி இந்த ஒரு காரியம் பண்ணு. கடையில போய், விக்கிற பய பேசுறப்பவே குனிஞ்சு, வண்டிக்கு அடியில கையை மடக்கி, கட்டை விரலை மட்டும் நிமித்தி நட்டமா வையி. விரல் முட்டுச்சுன்னா எந்திரிச்சு வந்துரு. அவன் சிரிப்பான். சிரிக்கட்டும், அவன் நம்ம ஊருக்கு வர மாட்டான்.

அப்புறம் தனுஷ்கோடி. மறைக்காதே, உன் மனசுல அந்த ரோடு இருக்குன்னு எனக்குத் தெரியும். 1964 டிசம்பர் புயல் ஊரையும் ரயிலையும் வாரிட்டுப் போன பொறவு, அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு போட்டுத் தெறந்தது 2017-லதான். ரெண்டு பக்கமும் கடலு, நடுவுல நூல் பிடிச்ச மாதிரி ரோடு. இந்த ரோட்டைப் பாத்தா எனக்கே காலு அரிக்குது, உனக்கு அரிக்காதா? ஆனா காத்து மணலை அள்ளியாந்து ரோட்டு மேல பொடி தூவி வச்சுருக்கும். பட்டு மாதிரி. பாத்தா தெரியாது, பிரேக்கைத் தொட்டாத் தெரியும். ஏபிஎஸ் இருக்குல்ல மாமாங்குறியா? இருக்கு. அது பிடிக்கிறதுக்குத் தார் வேணும்ல. மணலு உருளுது, டயரு மணல் மேல உருளுது, கடைசியில அசோகத் தூணு நிக்குது. அதைச் சுத்தித்தான் திரும்பணும். அதுக்கு அங்கிட்டு ரோடு கெடையாது, இலங்கைதான்.

உப்பு வேற. பாம்பன் கடக்காத்துல கம்பி துருப்பிடிக்கும்னுதான் புது ரயில் பாலத்துக்கு, அதான் 2025 ஏப்ரல்ல தெறந்தாங்களே, அதுக்குத் துருப்பிடிக்காத இரும்புக் கம்பியும் பாலிசிலாக்சேன்னு ஒரு பூச்சும் போட்டாங்க. சர்க்காரே அம்புட்டுப் பயப்படுது. நீ ராமேஸ்வரம் போய்ட்டு வந்து, வண்டிக்கு மேல ஷாம்பூ போட்டுக் கழுவிட்டு, அடியில ஒரு சொம்பு நல்ல தண்ணி ஊத்த மாட்டே. கடல்ல முழுகிட்டு வர்ற மனுசன்கூட இருபத்திரண்டு கிணத்துத் தண்ணியில உப்பைக் கழுவிட்டுத்தான் சாமி கும்புடப் போறான். வண்டிக்கு ஒரு கிணறாவது வேணாமா?

டிராக்குல விடுறவனை நான் குத்தம் சொல்லல. நம்ம தமிழ்நாடு அதுக்குப் பேரு போனதுதான். சோழவரத்துல ரெண்டாம் உலகப்போர் ஓடுதளத்துல விட்டாங்க. இருங்காட்டுக்கோட்டை 1990-ல வந்துச்சு. கோயம்புத்தூர்ல கரிவர்தன்னு ஒரு மனுசன் இருந்தாரு, மில்லு முதலாளி வீட்டுப் புள்ளை. மாருதி 800 எஞ்சினைக் கழட்டி ஒத்தை சீட்டுப் பந்தய வண்டியில மாட்டி விட்டாரு. அதான் ஃபார்முலா மாருதி. மூணு சிலிண்டரு, 796 சிசி, ஆபீஸ் கிளார்க்கு வாங்குன கார் எஞ்சின். அதுல ஓட்டிப் பழகுனவருதான் நரேன் கார்த்திகேயன், 2005-ல ஃபார்முலா ஒன்னுல போய் நின்னாரு. கரிவர்தன் அதைப் பாக்கக் குடுத்து வைக்கல, 1995-லயே விமான விபத்துல போயிட்டாரு. செட்டிப்பாளையத்து டிராக்குக்கு அவரு பேரைத்தான் வச்சுருக்காங்க. 796 சிசி-யில இருந்து அங்க போனாங்க, நீ 265 குதிரை இல்லாம இங்கயிருந்து இருங்காட்டுக்கோட்டைக்குப் போக முடியாதுங்குறே.

உங்க அஜித்தையே எடுத்துக்க. 2025 ஜனவரியில துபாய்ல இருபத்துநாலு மணிநேரப் பந்தயத்துல அவரு அணி அவங்க பிரிவுல மூணாவது வந்துச்சு. பாரு, பிரிவுல. அங்கயும் பெரிய மாடு, கரிச்சான்னு பிரிச்சுத்தான் விடுறாங்க. மூணாவது வந்ததுக்கே ஊரு பூரா கொண்டாடுனீங்க. நான் ரெண்டு தடவை வந்தேன், ஒரு பய கண்டுக்கல. அதை விடு. அந்தப் பந்தயக் காரை எடுத்துக்கிட்டு அவரு காய்கறி வாங்கவா போறாரு? அது வேற, இது வேறன்னு அவருக்குத் தெரியுது.

அதனால நான் சொல்றதைக் கேளு. அல்ட்ரோஸோ ஐ20-யோ, ரெண்டுல எதுல உக்காந்தா முட்டி இடிக்கலையோ, கிளட்சு காலுக்கு ஒத்துவருதோ, அதை எடு. நான்னா கையால கியர் போடுறதைத்தான் எடுப்பேன். மூணாவது கியரை எப்பப் போடணும்னு வண்டியா முடிவு பண்ணும்? மாட்டுகிட்ட கேட்டா சாட்டையை ஓங்குவோம்? 120 குதிரையையும் முழுசா மிதிச்சு ஓட்டலாம், 265-ல பாதியைக் கட்டிப் போட்டுத்தான் ஓட்டணும். கட்டிப் போட்ட மாட்டைப் பாத்துக்கிட்டே இருக்கிறது ஒரு சொகமா? மிச்சக் காசுல ஒரு சோடி நல்ல டயரு, நல்ல பிரேக் எண்ணெய். டிராக்கு ஆசைக்கு, ஓட்டப் பழக்கிக் குடுக்கிற பள்ளிக்கூடமே இருக்கு சென்னையிலயும் கோயம்புத்தூர்லயும். அவங்க வண்டி, அவங்க டயரு, அவங்க சுவரு. நாலு தடவை போய் அடி வாங்கிட்டு வா. அதுக்கப்புறமும் நடுமாடுதான் வேணும்னா அப்ப பேசிக்குவோம்.

டிக்கியை மறக்காதே. நம்ம முண்டு மிளகாய் ஒரு மூட்டை படுக்கணும். 2023-ல புவிசார் குறியீடு குடுத்துட்டாங்கன்னு ஊரெல்லாம் பெருமை, ஆனா அதைச் சென்னையில உங்க ஆத்தா வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேக்குறது மட்டும் வருசா வருசம் என் தலையில. இந்த வருசம் உன் தலையில.

என்ன, மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டே? தலையைத் தலையை ஆட்டுறே, மனசு மட்டும் இன்னும் அந்த நடுமாட்டு மேலயே நிக்குது, தெரியாதா எனக்கு? நானும் 2014-ல பந்தயத்துக்குத் தடை வந்தப்ப மூணு வருசம் இப்படித்தான் உக்காந்துருந்தேன், மாடே இல்லாம. 2017-ல சட்டம் வந்து மறுபடி விட்டப்ப, விடியறதுக்கு முன்னாடி போய் ரோட்டோரம் நின்னுக்கிட்டேன். 2023-ல சுப்ரீம் கோர்ட்டும் செல்லும்னுருச்சு. எனக்கு ஓட்ட வயசு இல்ல. பாக்கவாவது போவேன்.

அந்தா பதனி வந்துருச்சு. பட்டையைப் பிடி, சிந்தாம குடி.

ஆமா, அந்த கோல்ஃபு, சென்னையில ஓட்டிப் பாக்கக் குடுக்குறாங்களா? வாங்கத்தான் வேணும்னு இல்லையே, சும்மா பாக்குறதுக்கு என்ன காசா பணமா. போறப்ப ஒரு நா முன்னாடி சொல்லு. அத்தைகிட்ட கண்ணு ஆஸ்பத்திரின்னு சொல்லிக்கிறேன். நீ ஓட்டு, நான் பக்கத்துல உக்காந்து வெத்தலை மடிக்கிறேன், 5.9-தானா இல்ல கூடக் கொறைச்சலா, சரிபாத்துருவோம். வேட்டி கட்டலாம்னுதான் நெனச்சேன். கைலியிலயே வர்றேன், சீட்டுக் கட்டத்துக்குப் பொருத்தமா இருக்கும்.